பனிப்புயலைக் கணிக்க ஒரு கேள்விப் பட்டியல்: வல்லுநர் அமைப்பு என்றால் என்ன?

2014 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்தது இது. நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் ஊர். நகரின் வடக்குப் பக்கம் விழுந்தது சில அங்குலப் பனிதான். தெற்கே கொஞ்ச தூரம் தள்ளியிருந்த புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் குவிந்தது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நகர முடியாமல் புதைந்து கிடந்தன. ஒரே நாள், ஒரே ஏரி, ஒரே குளிர்காற்று. இடையில் இருந்ததோ அரைமணி நேரக் கார்ப் பயணம்கூட ஆகாத தூரம்.

அந்த ஊர் வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலைவலி இதுதான். "பனி பெய்யுமா?" என்ற கேள்விக்கு நவம்பர் மாதத்தில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். எந்தப் பேட்டை வரைக்கும், எத்தனை மணிக்குள், எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தைக் கணினிக்குள் விதிகளாக இறக்கிவைக்க முடியுமா என்று 1980களில் பலர் முயன்றார்கள். அந்த முயற்சிக்குப் பெயர் வல்லுநர் அமைப்பு. எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று கணினிப் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள்.

பஃபலோவின் ஏரிப் பனியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வல்லுநர் அமைப்பைப் புரியவைக்க இதைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இங்கே வல்லுநரின் அறிவு, எண்களோடு கூடிய சில தெளிவான நிபந்தனைகளாகவே இருக்கிறது.

ஏரி எப்படிப் பனியைத் தயாரிக்கிறது

நவம்பரில் கனடாப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும்போது, ஏரி நீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சமிருக்கும். உறைநிலைக்கு வெகுகீழே இருக்கும் காற்று, எட்டு ஒன்பது டிகிரி நீரின் மேல் ஓடுகிறது. அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறுகின்றன. சூடேறிய காற்று லேசாகி மேலே எழும்புகிறது, மேகமாகிறது, எதிர்க்கரை சேர்ந்ததும் பனியாகக் கொட்டுகிறது.

இது நடப்பதற்கு முதல் நிபந்தனை, நீருக்கும் மேலே உள்ள காற்றுக்கும் இடையே போதுமான வெப்பநிலை வித்தியாசம். வானிலையாளர்கள் ஏரிப் பரப்பு நீரின் வெப்பநிலையையும், காற்றழுத்தம் 850 ஹெக்டாபாஸ்கலாக இருக்கும் உயரத்தின் வெப்பநிலையையும் ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் 13 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் கையாளும் எண்.

ஏன் 13? மேலெழும் காற்று, மேகமாவதற்கு முன், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். 850 மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். ஈரி ஏரியே கடல் மட்டத்துக்கு 174 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக ஏரியிலிருந்து அந்த மட்டம் சுமார் 1.3 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 13 வரும். நீரைத் தொட்டு எழும் காற்று அவ்வளவு குளிர்ந்த பிறகும் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் மேலும் மேலும் ஏறும். அனுபவ விதி என்று சொல்லப்படும் எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். எல்லா அனுபவ விதிகளுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

இரண்டாவது, காற்று நீரின் மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது. ஈரி ஏரி ஏறக்குறைய 388 கிலோமீட்டர் நீளமானது, மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காக ஒடுங்கிக் கிடக்கிறது. அதன் கிழக்குக் கோடியில் பஃபலோ. காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் முழு தூரமும் சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு வந்து அந்த ஊரின் தலையில் கொட்டும். குறுக்குவாக்கில் வீசினால் அவ்வளவு சரக்கு இல்லை. நீளவாக்குக் காற்றில் பனி மேகங்கள் ஒரே பட்டையாகத் திரளும். அந்தப் பட்டையின் அகலம் சில பத்துக் கிலோமீட்டர்தான். காற்றின் திசை சில டிகிரி திரும்பினால் பட்டை முழுவதும் நகர மையத்திலிருந்து தெற்குப் புறநகருக்குப் போய்விடும். 2014இல் வடக்கே சில அங்குலமும் தெற்கே ஐந்தடியுமாக விழுந்ததன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது, தரைக்கு அருகிலும் மேலேயும் காற்று ஒரே திசையில் வீசுகிறதா என்பது. தரைக்கும் 700 ஹெக்டாபாஸ்கல் மட்டத்துக்கும், அதாவது சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையில் திசை 30 டிகிரிக்குள் மாறினால் பட்டை கட்டுக்கோப்பாக இருக்கும். 30க்கும் 60க்கும் இடையில் என்றால் சிதறிப் பலவீனமாகும். 60ஐத் தாண்டினால் அங்கங்கே பொடிப்பனி பறக்கும், அவ்வளவுதான்.

நான்காவது, மேலே மூடி இருக்கிறதா என்பது. வழக்கமாக உயரே போகப் போகக் குளிரும். சில நாட்களில் ஒரு உயரத்துக்கு மேல் அது தலைகீழாகி, மேலே இருக்கும் காற்று சூடாக இருக்கும். அந்த அடுக்கு பானை மேல் வைத்த மூடி மாதிரி. அது தாழ்வாக இருந்தால் மேகம் வளர இடமில்லை, பனி குறைவு. உயரத்தில் இருந்தால் மேகம் ஓங்கி வளரும், இடியோடுகூடப் பனி பெய்யும்.

கடைசியாக ஏரி உறைந்துவிட்டதா என்பது. ஈரி ஏரியின் சராசரி ஆழம் வெறும் 19 மீட்டர். அதனால் பெருங்குளிரில் சீக்கிரம் உறைந்துவிடும். மேலே பனிக்கட்டி மூடிக்கொண்டால் சூடும் ஈரமும் வெளியே வராது, பனித் தொழிற்சாலைக்குப் பூட்டு. பக்கத்திலேயே இருக்கும் ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். அது முழுதாக உறைவது மிக அபூர்வம்.

பஃபலோ வானிலை அலுவலகத்தில் பணியாற்றிய தாமஸ் நிஸியோல், ஏரிப் பனியை அன்றாடம் எப்படிக் கணிப்பது என்று 1987இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். காற்றின் திசை மாற்றத்தை இப்படி வகைப்படுத்திப் பயன்படுத்தும் முறை அந்தத் தலைமுறை முன்னறிவிப்பாளர்களிடம் நிலைபெற்றது. இருபது வருடம் அங்கே வேலை பார்த்தவர் இத்தனையையும் வரைபடங்களைப் புரட்டியபடியே ஓட்டிப் பார்த்துவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர் இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வார்?

அறிவு தனி, யோசனை தனி

சாதாரண நிரல் எழுதுகிறவர் இந்த நிபந்தனைகளையெல்லாம் நிரலுக்குள்ளேயே புதைத்துவிடுவார். நாளைக்கு 13ஐ 12 ஆக்க வேண்டுமென்றால் அதை எழுதியவரைத்தான் தேட வேண்டும். வல்லுநர் அமைப்பில் செய்த புதுமை, இரண்டையும் பிரித்துவைத்தது. வல்லுநர் சொன்ன விதிகள் ஒரு பக்கம். அதற்கு அறிவுத்தளம் என்று பெயர். அந்த விதிகளை எடுத்து ஒன்றோடொன்று கோத்து முடிவுக்கு வரும் பகுதி இன்னொரு பக்கம். அது அனுமானப் பொறி. அனுமானப் பொறிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. விதிகளை மாற்றிவைத்தால் அதே பொறி ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்றும் யோசிக்கும்.

மேலே சொன்னவற்றை விதிகளாக எழுதினால் இப்படி இருக்கும். விளக்கத்துக்காக நான் சுருக்கி எழுதியவை இவை. இதை வைத்துக்கொண்டு யாரும் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்க வேண்டாம்.

விதி 1: நீர்–850 வெப்பநிலை வித்தியாசம் 13 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால், ஏரி மேல் காற்று நிலையற்றது.

விதி 2: காற்று நீர் மேல் 100 கிலோமீட்டருக்கு அதிகமாக ஓடுகிறது, திசை மாற்றமும் 30 டிகிரிக்குள் இருக்கிறது என்றால், ஒற்றைப் பட்டை உருவாகும்.

விதி 3: திசை மாற்றம் 60 டிகிரிக்கு மேல் என்றால், பட்டை உருவாகாது.

விதி 4: ஏரி பெரும்பாலும் உறைந்திருந்தால், ஏரிப் பனி ஆபத்து இல்லை.

விதி 5: காற்று நிலையற்றது, ஒற்றைப் பட்டை உருவாகும், மூடி நல்ல உயரத்தில் இருக்கிறது என்றால், கனத்த பனி எச்சரிக்கை கொடு.

இந்த விதிகளை இரண்டு வழியில் ஓட்டலாம். கையில் உள்ள தகவல்களிலிருந்து தொடங்கி, எந்த விதி பொருந்துகிறது, அதிலிருந்து என்ன புதிதாகத் தெரிகிறது என்று முன்னோக்கிப் போவது ஒரு வழி. மேலே ஏறிக்கொண்டே வெப்பநிலையையும் காற்றையும் அளக்கும் வானிலை பலூனின் தரவு தானாக வந்து விழும் இடத்தில் இது வசதி. மற்றது பின்னோக்கிய வழி. "கனத்த பனி எச்சரிக்கை கொடுக்கலாமா?" என்ற முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, அது உண்மையாக என்னென்ன தெரிய வேண்டும் என்று பின்னால் போய்ப் பார்ப்பது. விதி 5க்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அதில் முதலாவதைத் தருவது விதி 1. விதி 1க்கு இரண்டு வெப்பநிலைகள் வேண்டும். அவற்றைத் தரும் விதி எதுவும் இல்லை, ஆகவே எதிரில் இருப்பவரைக் கேள். அந்த உரையாடல் இப்படிப் போகும்:

— ஏரி உறைந்திருக்கிறதா?

— இல்லை.

— ஏரிப் பரப்பு நீரின் வெப்பநிலை?

— 9.

— 850 மட்டத்தில் காற்றின் வெப்பநிலை?

— மைனஸ் 10.

— தரைக்கும் 700 மட்டத்துக்கும் இடையே காற்றின் திசை மாற்றம்?

— ஏன் கேட்கிறீர்கள்?

— வெப்பநிலை வித்தியாசம் 19. விதி 1இன்படி காற்று நிலையற்றது. இப்போது விதி 2ஐச் சோதிக்கிறேன். காற்று நீர் மேல் 100 கிலோமீட்டருக்கு அதிகமாக ஓடி, திசை மாற்றமும் 30 டிகிரிக்குள் இருந்தால் ஒற்றைப் பட்டை உருவாகும்.

— சரி, 15 டிகிரி.

— அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் மேலடுக்கில் வலுவான காற்றழுத்தத் தாழ்வு ஏதாவது நெருங்கி, மூடியை உயர்த்துமா?

நடுவில் வந்த அந்த "ஏன்" மிக முக்கியம். வல்லுநர் அமைப்புகள் தம் கேள்விக்கும் தம் முடிவுக்கும் காரணம் சொல்லக்கூடியவையாகவே வடிவமைக்கப்பட்டன. எந்த விதி, எந்தத் தகவல், எந்த வரிசை என்று அப்படியே எடுத்துக் காட்டும். புதிதாக வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்தே தொழில் கற்கலாம். பழையவர் அதைப் பார்த்து "மூன்றாவது விதி தப்பு" என்று சண்டை பிடிக்கலாம்.

கடைசியாகக் கேட்டதை மறுபடி படியுங்கள். முதல் கேள்விகளுக்கெல்லாம் விடை எண்ணாக எங்காவது எழுதியிருக்கும். இதற்கு அப்படி இல்லை. "வலுவான" என்பது எவ்வளவு? நெருங்குமா என்பதை எந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது? பதில் சொல்கிறவருக்கு வானிலை தெரிந்திருக்க வேண்டும். இதற்குத் திரும்ப வருகிறேன்.

உறுதியாகத் தெரியாதபோது

வானிலையில் ஆம், இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவை குறைவு. அதனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நம்பிக்கை எண் கொடுக்கும் வழக்கம் வந்தது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற மருத்துவ அமைப்பு இதைப் பிரபலமாக்கியது. ஒரே முடிவை இரண்டு விதிகள் ஆதரித்தால் அவற்றின் நம்பிக்கையை அப்படியே கூட்டக்கூடாது, ஒன்றைத் தாண்டிவிடும். முதல் விதி 0.6 நம்பிக்கை தருகிறது என்றால் மிச்சம் இருக்கும் சந்தேகம் 0.4. இரண்டாவது விதியின் நம்பிக்கை 0.5 என்றால், அது அந்த மிச்சச் சந்தேகத்தில் பாதியைத் துடைக்கும், அதாவது 0.2. மொத்தம் 0.8. கணிதக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இது முறையான நிகழ்தகவு இல்லை என்பது அவர்கள் வாதம், அது சரியும்கூட. ஆனால் வல்லுநரிடம் "இந்த அறிகுறி இருந்தால் எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டு ஒரு எண்ணை வாங்குவது, முழு நிகழ்தகவு அட்டவணையை வாங்குவதைவிட எளிது.

மைசினில் சுமார் 600 விதிகள் இருந்தன. ரத்தத் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்த நுண்ணுயிர் காரணம், என்ன மருந்து தரலாம் என்று அது சொல்லும். 1979இல் வெளியான ஒரு மதிப்பீட்டில் அதன் பரிந்துரைகள் ஸ்டான்ஃபோர்டு மருத்துவ ஆசிரியர்களின் பரிந்துரைகளுக்குச் சமமாக நின்றன. ஆனாலும் அது மருத்துவமனையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. அதற்கு முன்னோடி, அதே பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய டென்ட்ரல். அது வேதிச் சேர்மங்களின் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க உதவியது.

வானிலைத் துறைக்கு இந்த அலை 1980களின் நடுவில் வந்தது. மத்திய அமெரிக்காவின் கடும் இடிப்புயல்களுக்காக ஸ்டீவன் ஸுப்ரிக், சார்ல்ஸ் ரீஸ் ஆகியோர் வில்லார்டு என்ற அமைப்பை விவரித்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மீட்டியார் என்ற அமைப்பு ஆலங்கட்டி மழையைக் கணிக்க எழுதப்பட்டது.

வில்லார்டில் கவனிக்க வேண்டியது, விதிகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. வல்லுநர் அமைப்பு கட்டுவதில் மிகக் கஷ்டமான வேலை நிரல் எழுதுவது அல்ல, வல்லுநரின் வாயிலிருந்து விதியை வரவழைப்பது. முப்பது வருட அனுபவஸ்தரிடம் "இன்றைக்குக் கனமாக வரும் என்று எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டால் "பார்த்தாலே தெரிகிறதே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஸ்டான்ஃபோர்டின் கணினி அறிஞர் எட்வர்ட் ஃபைகன்பாம் இந்த இடத்தைத்தான் குப்பியின் கழுத்து, அதாவது எல்லாம் தடைபட்டு நிற்கும் குறுகல் என்று சொல்லிவந்தார். வில்லார்டு குழு வேறு வழியில் போனது. விதியைச் சொல்லுங்கள் என்று கேட்காமல், உதாரணங்களைத் தரச் சொன்னார்கள்: நிலைமைகள் இப்படி இருந்தால் உங்கள் முடிவு என்ன? அந்த உதாரணங்களிலிருந்து கணினியே விதியைத் தொகுத்தது. இன்று இயந்திரக் கற்றல் என்று நாம் சொல்வதன் ஆரம்பகாலச் சாயல் அதில் இருக்கிறது.

போட்டிக்கு விட்டுப் பார்த்தார்கள்

1989 கோடையில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் ஒரு ஆய்வகம் இப்படிப்பட்ட ஆறு அமைப்புகளைக் கொலராடோ மாநிலம் போல்டரில் கொண்டுவந்து ஒன்றோடொன்று மோதவிட்டது. ஷூட்அவுட்-89 என்று பெயர்வைத்தார்கள். பனிக்கு அல்ல, கோடை இடிப்புயல்களுக்கு. ஆனால் அதில் வெளிவந்தது எல்லா வானிலை வல்லுநர் அமைப்புகளுக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் அமைப்புகள், அடுத்த 2 முதல் 9 மணி நேரத்துக்குள் வடகிழக்குக் கொலராடோவின் நான்கு பகுதிகளில் கடும் வானிலை வருமா என்று நிகழ்தகவு சொல்ல வேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்று சரிபார்க்க டென்வர் வானிலை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, பார்வையாளர்களிடமிருந்து தகவல் திரட்டினார். போட்டியில் வழக்கமான விதி அமைப்புகளும் இருந்தன, பழைய நாட்களில் இன்றையதைப் போன்ற ஒன்றைத் தேடிப்பிடிக்கும் அமைப்பும் இருந்தது.

முடிவு உற்சாகம் தருவதாக இல்லை. "நேற்று எப்படியோ இன்றும் அப்படியே" என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்பு ஒன்று உண்டு. "இந்த மாதத்தில் வழக்கமாக எத்தனை நாள் வரும்" என்ற பழைய சராசரியைச் சொல்லும் கணிப்பு மற்றொன்று. பொதுவாகப் பார்த்தால், அமைப்புகளின் திறமை இந்த இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமாகத்தான் இருந்தது. கணிப்பதற்குக் கடினமான விஷயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் குறிப்பிடத்தக்க வானிலையை மற்றதிலிருந்து பிரித்தறிவதில் இரண்டு அமைப்புகள் மட்டும் மேலாகத் தெரிந்தன. இரண்டும் வழக்கமான விதி அமைப்புகள். இரண்டும் இயக்குபவரிடம் நுட்பமான வானிலைத் தீர்ப்புகளைக் கேட்டவை. அதாவது நம் உரையாடலின் கடைசிக் கேள்வி மாதிரியானவை. அப்படியானால் மேலான திறமை விதிகளிலிருந்து வந்ததா, பதில் சொன்னவரின் தலையிலிருந்து வந்ததா? ஒரே ஒரு கோடைக்காலத் தரவை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள்.

அறிவியலில் இப்படி நேர்மையாக எழுதுவது பாராட்டத்தக்கது. என் தீர்ப்பைக் கேட்டால், அந்த இரண்டும் பிரியாமல் இருந்ததுதான் விஷயமே. வல்லுநருக்குப் பதிலாக உட்காரவைக்க வல்லுநர் அமைப்பைக் கட்டினார்கள். அது நன்றாக வேலை செய்தது வல்லுநர் எதிரில் உட்கார்ந்தபோது. புதியவர் ஒருவர் "வலுவான தாழ்வு நெருங்குமா?" என்ற கேள்விக்குக் குத்துமதிப்பாக "ஆம்" போட்டால், அதற்குப் பிறகு வரும் அத்தனை விதியும் அந்தக் குத்துமதிப்பின் மேல் நிற்கும். விதிகள் வல்லுநருக்குச் செய்த உதவி, அவசர இரவில் எதையும் பார்க்க மறந்துவிடாமல் வரிசையாகக் கேட்டது. விமானிகள் ஓடுபாதையில் சரிபார்ப்புப் பட்டியல் படிக்கிறார்கள், விமானம் ஓட்டத் தெரியாததாலா படிக்கிறார்கள்?

எழுதாத விதி

நம் விதி 4ஐ எடுத்துக்கொள்வோம். ஏரி உறைந்துவிட்டால் ஆபத்து இல்லை. இயற்பியல் சரி, பல வருட அனுபவமும் சரி.

1976–77 குளிர்காலத்தில் ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு பெய்த பனியெல்லாம் உறைந்த ஏரியின் மேல் தளர்வான தூளாகக் கிடந்தது. 1977 ஜனவரி 28 அன்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்று, அந்தத் தூளை வாரி எடுத்துப் பஃபலோவுக்குள் கொண்டுவந்து கொட்டியது. அந்தப் புயல் நாட்களில் வானத்திலிருந்து புதிதாக விழுந்தது ஓரடி அளவுதான். ஆனால் வீடுகளின் கூரை வரை மேடு கட்டியது. மேற்கு நியூயார்க்கில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் தங்கள் கார்களுக்குள்ளேயே.

விதி 4 அன்று முழு நம்பிக்கையோடு "ஆபத்து இல்லை" என்று சொல்லியிருக்கும். அந்த விதியில் பிழை இல்லை, ஏரிப் பனி உண்மையிலேயே இல்லை. வேறு வழியில் ஆபத்து வரும் என்ற விதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மனித முன்னறிவிப்பாளர் ஜன்னல் வழியே பார்த்து "ஏரி மேல் இவ்வளவு தூள் கிடக்கிறதே" என்று யோசிக்க வாய்ப்புண்டு. விதி அமைப்பு தன் எல்லை எங்கே முடிகிறது என்று அறியாமலே எல்லைக்கு வெளியேயும் பதில் சொல்லும்.

இன்னும் இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் 13.0 என்றால் பனி, 12.9 என்றால் இல்லை என்பது அபத்தம். இயற்கையில் அப்படிக் கோடு கிடையாது. இதற்காகவே மங்கல் தர்க்கம் வந்தது. அதில் 12.9 என்பது "பெரும்பாலும் நிலையற்றது" ஆகும். மற்றது, பஃபலோவில் எழுதிய விதி வேறு ஊருக்குப் போகாது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் விதி 4க்கு அநேகமாக வேலையே இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் அடிக்கும் பெரும் பனிப்புயல்களுக்கு மொத்தப் பட்டியலும் வேறு. அங்கே மழை எங்கே முடிந்து பனி எங்கே தொடங்கும், அட்லான்டிக்கில் உருவாகும் தாழ்வு கரையை ஒட்டி ஏறுமா விலகுமா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு அனுபவ விதிகளால் பதில் சொல்ல முடியாது, வளிமண்டலத்தின் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். வானிலைத் துறையில் வல்லுநர் அமைப்புகளின் மவுசு 1990களில் குறைந்ததற்கு ஒரு காரணமும் அதுதான்: அந்த எண் மாதிரிகள் வேகமாக மேம்பட்டன. 1993 மார்ச்சில் கிழக்கு அமெரிக்காவைப் புரட்டிய பெரும்புயல் பல நாட்கள் முன்கூட்டியே கணிக்கப்பட்டது. என்றாலும் மாதிரிகளும் சறுக்கும். 2015 ஜனவரி 26 இரவு, நியூயார்க் நகரில் இரண்டடிக்கு மேல் பனி வரும் என்ற கணிப்பை நம்பிச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். புயல் கொஞ்சம் கிழக்கே விலகிப் போனது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது பத்து அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அதே புயலில் பாஸ்டனில் இரண்டடி.

எங்கே போயின இந்த அமைப்புகள்?

காணாமல் போகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வேறு கருவிகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அமெரிக்க வானிலை ரேடார்கள் 2010களின் தொடக்கத்தில் இரட்டை முனைவாக்கத்துக்கு, அதாவது கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரு வகை அலைகளை அனுப்பும் முறைக்கு மாற்றப்பட்டன. எதிரொலியைப் பார்த்து இது மழையா, உலர்ந்த பனியா, ஈரப்பனியா, ஆலங்கட்டியா, பறவைக் கூட்டமா என்று அவை வகைப்படுத்துவது மங்கல் தர்க்க விதிகளைக் கொண்டுதான். பிரான்ஸில் பனிச்சரிவு ஆபத்தைக் கணிக்கும் தொடரில் முதலில் ஒரு மாதிரி மலை வானிலையைத் தொகுக்கிறது. அடுத்தது குரோகஸ், தரையில் படிந்த பனியின் அடுக்குகளைக் கணக்கிடுகிறது. கடைசியில் இருக்கும் மெப்ரா ஒரு வல்லுநர் அமைப்பு. அந்த அடுக்குகளைப் பார்த்து எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்து என்று தீர்ப்பு சொல்வது அதன் வேலை. சமன்பாடு தெரிந்த இடத்தில் சமன்பாடு, தீர்ப்பு வேண்டிய இடத்தில் விதி என்ற இந்தப் பிரிவினை எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

பனி விழுந்த பிறகு சாலையில் உப்பு தூவுவதற்கும் இப்படி ஒன்று இருக்கிறது. எப்போது தூவ வேண்டும், எவ்வளவு தூவ வேண்டும் என்ற பராமரிப்பாளர்களின் நடைமுறை அறிவை விதிகளாக்கி, வானிலைக் கணிப்போடு இணைத்து அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் ஒரு முடிவு உதவி அமைப்பை உருவாக்கியது. 2003இல் அயோவா மாநிலச் சாலைகளில் சோதித்தார்கள். அதிகம் தூவினால் காசும் வீண், மண்ணும் கெடும். குறைத்தால் வண்டி சறுக்கும். இந்த மாதிரிக் குறுகிய, தெளிவான, பலமுறை திரும்பவரும் முடிவுகளுக்கு விதி அமைப்பு அருமையாகப் பொருந்தும்.

நீங்களே ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். 1980களில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவாக்கிய கிளிப்ஸ் என்ற மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அனுமானப் பொறி அதில் தயாராக இருக்கிறது, விதிகளை எழுதுவது மட்டும் உங்கள் வேலை. பஃபலோவில் தினம் இரண்டு முறை வானிலை பலூன் விடுகிறார்கள், நம் நேரப்படி ஏறக்குறைய அதிகாலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும். அந்தத் தரவை வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஏரி நீரின் வெப்பநிலையையும் அமெரிக்க அரசு ஆய்வகம் வெளியிடுகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் முதல் மூன்று விதிகளை மட்டும் ஓட்டுங்கள். உங்கள் அமைப்பு சொன்னதையும் உண்மையில் நடந்ததையும் தினம் ஒரு வரியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். பக்கத்துப் பத்தியில், "நேற்று எப்படியோ இன்றும் அப்படியே" என்ற சோம்பேறிக் கணிப்புக்கு எத்தனை மதிப்பெண் வருகிறது என்பதையும் தவறாமல் எழுதுங்கள்.